கொம்பும் காலும்

கருப்பனைக் கண்டெடுத்தது தனம்தான். கார்த்திகை தீபத்தன்று காலை பத்து மணி இருக்கும். கிரிவலப் பாதையில், தொலைந்தவர்களுக்கான ஏழாம் எண் உதவிப் பந்தலில் அவள் தன்னார்வலராக உட்கார்ந்திருந்தாள். மொத்தக் கூட்டமும் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்க, ஒரு மனிதர் மட்டும் எதிர்த் திசையில் நடந்து வந்தார். இடித்தவர்களிடமெல்லாம் கைகூப்பிக்கொண்டே வந்தார். தனம் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

பெயரைக் கேட்டதற்கு யோசித்தார். ஊரைக் கேட்டதற்குச் சிரித்தார். அவரிடம் சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் துழாவியபோது, நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிய சீட்டு ஒன்று கிடைத்தது. கருப்பன், வயது 64, தண்டராம்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அதன் கீழே மகளின் செல்போன் நம்பர். ஞாபகம் தப்பிப்போகிறவர் என்று தெரிந்தே யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

பந்தலுக்கென்று தன்னார்வலர் குழு கொடுத்திருந்த போனைத் தனம் எடுத்தாள். அதில் ஒரு படிவம் வரும். பெயர், வயது, ஊர், தொலைபேசி. சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கையும் நிரப்பி அனுப்பினாள். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. சீட்டை மடித்து அவர் பையிலேயே திரும்ப வைத்தாள். "உங்க பொண்ணுக்குச் சேதி போயிடுச்சுங்க. ஒக்காருங்க, வந்துடுவாங்க" என்றாள்.

தீபத்தன்று லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே இடத்தில் சேர்வதால் போன் லைன் கிடைக்காது. குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் குழு இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தது. நம்பரைப் போட்டு அனுப்பினால் போதும், வீட்டாருக்குச் செய்தி அதுவே போய்விடும், தனித்தனியாகப் போன் போட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தனம் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். இருந்தாலும் மதியம் வரை யாரும் வராததால் தன் போனிலிருந்து ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். லைன் கிடைக்கவில்லை.

அந்த நேரமெல்லாம் கருப்பனின் மனைவி மணியம்மாளும் மகள் கவியாவும் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். கவியா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

மூன்று மணிக்கு மேல் தீபம் பார்க்க இடம் பிடிக்கும் கூட்டம் மலைப் பக்கம் திரும்பியது. யாரோ ஒரு சின்னப் பெண் குழந்தையைத் தூக்கி வந்து தனத்தின் கையில் கொடுத்தார்கள். அது மூச்சுவிடாமல் அழுதது. அதைச் சமாதானப்படுத்தி, பெயர் கேட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில், ஊருக்கு வெளியே சாலையோரக் கால்வாய் ஒன்றில் ஆடு மேய்க்கப் போனவர்கள் கருப்பனைப் பார்த்தார்கள். வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். இரண்டு நாளும் விட்டுவிட்டு மழை. உடனே உயிர் போயிருக்காது, ஒரு நாளாவது இருந்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார். சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பார்த்துத்தான் போலீஸ் கவியாவைக் கூப்பிட்டது.

அந்த நம்பர் பையிலேயே இருந்தது என்பதுதான் எல்லோரையும் உலுக்கியது. ஆறாம் நாள் தன்னார்வலர் குழு கூடியது. குழுவை நடத்தும் சக்திவேலுக்குச் சொந்தமாக மருந்துக் கடை இருந்தது. கடையின் மாடியில் மணியம்மாளையும் கவியாவையும் உட்கார வைத்து, தனத்தையும் வரச் சொல்லியிருந்தார். பதிவுகளைக் கொண்டுவரும்படி இனியாவிடம் சொல்லியிருந்தார்.

அந்தக் கணினி ஏற்பாட்டை எழுதியவள் இனியாதான். முப்பத்தொரு வயது. வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றின் மேல்தளத்தில் குடியிருந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதிக் கொடுக்கிறாள். அவளோடு சேர்ந்து எழுதியவன் சாகில், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை, விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். அன்று அவனும் மாடிக்கு வந்திருந்தான். மூன்று வருடம் முன்பு கூட்டத்தில் ஒரு கிழவி அழுதுகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு இருவரும் ஆரம்பித்த வேலை இது. பயிற்சியில், தனித்தனியாகப் போன் போட வேண்டாம் என்று சொன்னவளும் இனியாதான்.

இனியா கொண்டுவந்த தாளில் அன்று கண்டெடுக்கப்பட்ட எல்லோருடைய விவரங்களும் வரிசையாக இருந்தன. கருப்பனின் வரியில் பெயர் இருந்தது, வயது இருந்தது, ஊர் இருந்தது. நேரம் பத்து பன்னிரண்டு. தொலைபேசி என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"நான் போட்டேம்மா. சீட்டைப் பாத்து ஒண்ணொண்ணா போட்டேன்" என்றாள் தனம்.

இனியா மறுபடி தாளைப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல வரலைக்கா" என்றாள்.

மதியம் போன் போட்டுப் பார்த்ததைத் தனம் சொன்னாள். அப்படியானால் காலையிலேயே ஏன் போடவில்லை என்று கேட்டார்கள். அதற்கு அவள் இனியாவைப் பார்த்தாள். இனியா குனிந்திருந்தாள். பதற்றத்தில் விட்டுப்போயிருக்கும், யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று சக்திவேல் தணிவாகச் சொன்னார். அப்படிச் சொன்னதிலேயே தீர்ப்பு முடிந்துவிட்டது. கவியா சத்தம் போடவில்லை. அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இரண்டு நாளில் கவியாவின் உறவுக்காரர் யாரோ தனத்தின் படத்தையும் அந்தத் தாளையும் சேர்த்து ஒரு வீடியோ போட்டார்கள். ஒரு நம்பரைப் போடச் சோம்பல்பட்டதால் ஓர் உயிர் போனது என்று அதில் குரல் வந்தது. ஊர் முழுக்கப் பரவியது. தனம் ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு ஓட்டல் சமையலறையில் ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சாப்பிட வந்தவர்களே வீடியோவைக் காட்டி விசாரிக்க ஆரம்பித்ததும், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இனியாவுக்கும் தூக்கம் சரியாக வரவில்லை. ஆனால் அவளுடைய வருத்தமெல்லாம் வேறாக இருந்தது. நம்பர் போடாவிட்டால் படிவம் ஏற்காதபடி செய்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த கிரிவலக் கூட்டம் வரும் மார்கழிப் பௌர்ணமிக்குள் அதைச் சரி செய்துவிட வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தாள்.

நிரலில் ஒவ்வொரு விவரத்தையும் ஒரு பெயரில் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இப்போது பல கணினி மொழிகள் எந்த எழுத்தில் பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. படிவம் தமிழ், நிரப்புகிறவர்கள் தமிழ், உள்ளே மட்டும் ஏன் ஆங்கிலம் என்பது இனியாவின் பிடிவாதம். இங்கிலீஷில் வைத்தால் தலைவலி கம்மி என்று சாகில் ஆரம்பத்திலேயே சொன்னான். அவள் கேட்கவில்லை. படிவத்தில் உள்ள நான்கு சொற்களையே நிரலிலும் பெயர்களாக வைத்தாள். அதைப் பற்றி ஒரு கல்லூரியில் பெருமையாகப் பேசிக்கூட இருக்கிறாள்.

அன்று காலை, தொலைபேசி என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று எல்லாக் கோப்புகளிலும் தேடச் சொன்னாள். பதினாலு இடம் காட்டியது. எல்லாமே அவள் எழுதிய கோப்புகள். சாகில் எழுதிய படிவக் கோப்பில் ஒன்றுகூட இல்லை என்றது. அவள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாள். அந்தச் சொல் கண்ணெதிரே இருந்தது. மூன்று இடத்தில் இருந்தது.

முதலில் எழுத்துப்பிழை என்றே நினைத்தாள். எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிழையே இல்லை. தன் கோப்பிலுள்ள சொல்லில், தொ என்ற எழுத்துக்கு அடுத்துக் கர்சரை வைத்து ஒரு தடவை அழித்தாள். கொம்பும் காலும் சேர்ந்து போய் த மட்டும் நின்றது. சாகிலின் கோப்பில் அதையே செய்தாள். கால் மட்டும் போயிற்று. தெ என்று நின்றது.

அவள் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒகரத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகப் போடலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் அது ஒரே எழுத்து. இனியா ஆங்கில ஒலிப்படி தட்டச்சு செய்கிறவள், அவள் விசைப்பலகை ஒரே குறியாகப் போடும். சாகில் கடையில் பத்திரிகை அடிக்கும் பழைய முறையில் தட்டுகிறவன். முதலில் கொம்பு, பிறகு த, பிறகு கால். அவனுடைய மென்பொருள் அதை இரண்டு குறிகளாகவே விட்டுவிடும். பைத்தான் போன்ற கணினி மொழியில் எழுதியிருந்தால், நிரலைப் படிக்கும்போதே இப்படிப்பட்ட பெயர்களை ஒன்றாக்கிவிடும். அவர்கள் எழுதியது ஜாவாஸ்கிரிப்டில். அது குறிகளை உள்ளபடியே பார்க்கும். இரண்டையும் வேறு வேறு பெயராக எடுத்துக்கொள்ளும். சாகிலின் படிவம் நம்பரை அவன் எழுதிய பெயரில் வைத்தது, செய்தி அனுப்பும் பகுதி அதை இனியா எழுதிய பெயரில் தேடியது. இல்லாத பெயரைக் கேட்டால் தவறு என்று நிற்கவும் செய்யாது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

பெயர், வயது, ஊர் என்ற மூன்றிலும் ஒகரம் இல்லை. அவை சரியாக வந்தன.

இத்தனை நாள் யார் கண்ணிலும் படாததற்கும் காரணம் இருந்தது. பெரும்பாலோருக்கு வரும் வழியிலேயே கையில் நம்பர் பட்டை கட்டிவிடுவார்கள். அதைப் படிக்கும் பகுதி இனியா எழுதியது. பட்டை இல்லாமல் வருகிறவர்களுக்காகக் கையால் நிரப்பும் படிவத்தைத் தீபத்துக்கு இரண்டு நாள் முன்புதான் சாகில் எழுதிச் சேர்த்தான். அவன் படிவத்தைச் சோதித்தான், நம்பர் பதிவானது. இவள் பட்டையைச் சோதித்தாள், செய்தி போனது. படிவத்திலிருந்து செய்தி போகிறதா என்று இருவருமே பார்க்கவில்லை. அன்று படிவத்தில் பதிவானவர்கள் இருபத்திரண்டு பேர். மற்ற இருபத்தொரு பேரையும் அவரவர் வீட்டாரே தேடி வந்து அழைத்துப் போயிருக்கிறார்கள். தாளில் அவர்களுடைய கட்டங்களும் வெறுமையாகத்தான் இருந்தன, வீடு சேர்ந்துவிட்டவர்கள் என்பதால் அன்று யாரும் அந்த வரிகளைப் பார்க்கவில்லை.

கருப்பனின் பதிவை, பட்டியலாக இல்லாமல், சேமித்த வடிவத்திலேயே திறந்தாள். அதில் தொலைபேசி என்று ஒரு பெயர் இருந்தது. அதற்கு எதிரே பத்து இலக்கமும் இருந்தன. காலை பத்து பன்னிரண்டு. ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

இனியா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது சாகில் யாருக்கோ காதுகுத்து அழைப்பிதழ் அடித்துக்கொண்டிருந்தான். மடிக்கணினியை அவன் முன் வைத்து இரண்டு சொற்களையும் காட்டினாள். அவன் ஒவ்வொன்றிலும் அழித்துப் பார்த்தான். மறுபடி தட்டினான், மறுபடி அழித்தான். அழைப்பிதழுக்கு வந்தவரை மாலையில் வரச் சொல்லி அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"என் கை" என்றான்.

அப்படிப் பார்த்தால் தமிழில்தான் பெயர் வேண்டும் என்று நின்றது தான் என்றாள் அவள். பட்டியலை அடித்துக் கொடுத்ததும் தான்தான் என்றாள். அவன் மடிக்கணினியை அவள் பக்கம் நகர்த்தினான். "அன்னிக்கு மாடியில நானும்தான இருந்தேன் இனியா. அந்தம்மா போட்டேன்னு சொல்றாங்க. ஒரு வாட்டி உள்ள போய்ப் பாக்கலாம்னு எனக்கும் தோணலை" என்றான்.

அங்கிருந்தே சக்திவேலைப் பார்க்கப் போனார்கள். அவர் கடையில் மருந்துச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கெட்டவர் இல்லை. சரி செய்துவிடுங்கள், ஆனால் வெளியே சொல்ல வேண்டாம் என்றார். சொன்னால் அடுத்த தீபத்துக்கு ஒருவரும் இந்த ஏற்பாட்டை நம்ப மாட்டார்கள், அதனால் இன்னும் நாலு பேர் தொலைவார்கள் என்றார். தனத்துக்கு வேறு விதமாக ஏதாவது செய்யலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று இனியாவால் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் தனத்திடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தனம் ஓட்டலுக்குப் பின்னாலிருந்த சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். மறுநாள் காலை அவர்கள் போனபோது உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் மிகவும் இளைத்திருந்தாள். இருவரையும் பார்த்ததும் பயந்துபோய் எழுந்து நின்றாள். புதிதாக ஏதோ குற்றம் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

இனியா சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, நீங்க நம்பர் போட்டிருக்கீங்க. சரியாத்தான் போட்டிருக்கீங்க. தப்பு எங்களுது" என்றாள்.

தனம் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "நான் போட்டேனா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்கீங்க. நான் கண்ணால பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. குழப்பத்தோடு அவர்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதல்ல எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சும்மா. கடைசி நம்பர் ஏழு, அதைப் போட்டதுகூட ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னாங்க. தெனம் நெனச்சு நெனச்சு, போட்ட மாதிரி நானா நெனச்சுக்கிறேனோன்னு ஆயிடுச்சு. போன வாரம் அவங்க ஊருக்குப் போனேன். அந்தம்மா கால்ல விழுந்து, நான்தாம்மா போடாம விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சாகில் வெளியே போய்ச் சந்தில் நின்றுகொண்டான். இனியா தனத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அந்தச் சொல் வாயில் வரவில்லை. தான் சொன்ன இரண்டே வார்த்தையால் இவள் தன் கை செய்ததையே நம்பாமல் போயிருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. உலை கொதித்து மூடி ஆடத் தொடங்கியதும் தனம் எழுந்து போய் அரிசியைப் போட்டாள். "சாப்டுட்டுப் போங்க" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

அன்று மதியமே இனியாவும் சாகிலும் தண்டராம்பட்டு பஸ்ஸில் ஏறினார்கள். மணியம்மாளின் வீட்டில் கருப்பனின் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. கவியாதான் உட்காரச் சொன்னாள். இனியா ஒரு தாளில் தொ என்று பெரிதாக எழுதி, கொம்பையும் காலையும் தனித்தனியாகக் காட்டி, முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து இரண்டு சொற்களையும் காட்டினாள். கவியா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்குது. இதுல இன்னா வித்தியாசம்?" என்றாள்.

கண்ணுக்குத் தெரியாது என்றான் சாகில். தான் இரண்டு துண்டாக எழுதியதையும் இவள் ஒன்றாக எழுதியதையும் மறுபடி விளக்கினான். கவியா பாதியில் அவனை நிறுத்தினாள். "அன்னிக்கு அந்தப் பேப்பரைக் குடுத்தது நீங்கதான?" என்று இனியாவிடம் கேட்டாள்.

"நான்தான்."

"அப்ப எங்கப்பா அங்க ஒக்காந்திருந்த அஞ்சு மணி நேரமும் என் நம்பர் உங்ககிட்டயே இருந்திருக்குது."

"இருந்துச்சுங்க."

கவியா எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் அவள் அழுவது கேட்டது. மணியம்மாள் தாளிலிருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த விவரமெல்லாம் எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கடைசியில் அவள் பேசியது வேறு ஒன்றைப் பற்றி.

"அந்தப் பொண்ணு வந்து என் கால்ல விழுந்துச்சு. எழுந்திரும்மான்னுகூட நான் சொல்லலை. அதுபாட்டுக்கு எழுந்து போயிடுச்சு."

அவளே தொடர்ந்தாள். "கடைசியா அவருகூட இருந்தது அது ஒண்ணுதான? என்னை அதுகிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?"

அந்த வாரத்தில் இனியாவும் சாகிலும் சேர்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதித் தங்கள் பெயரைப் போட்டு வெளியிட்டார்கள். சக்திவேலுக்குக் கோபம்தான், ஆனாலும் குழுவின் பக்கத்தில் அதைப் போடச் சம்மதித்தார். கவியா முதல் வீடியோவை எடுக்கச் சொல்லி உறவுக்காரரிடம் சண்டை போட்டாள். அவர் எடுத்துவிட்டார். அதற்குள் அது எத்தனையோ போன்களுக்குப் போயிருந்தது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இவர்கள் எழுதியதைப் படித்தவர்கள் குறைவு. எழுத்து இரண்டு விதம் என்றால் யாருக்குப் புரியும்? தப்பை மறைக்கக் கதை கட்டுகிறார்கள் என்றும் சிலர் எழுதினார்கள். மார்கழிப் பௌர்ணமிக்குப் பந்தல்களில் கணினியை வைக்கவில்லை, நோட்டுப் புத்தகம்தான் வைத்தார்கள். கோப்பைச் சேமிக்கும்போதே எல்லா எழுத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும் ஏற்பாட்டை இனியா எழுதி முடித்தாள். அதற்கு இருபது நிமிடம்தான் ஆயிற்று. முடித்துவிட்டு அவள் அன்று முழுக்க வேறு எந்த வேலையும் செய்யவில்லை. ஓட்டல் முதலாளி தனத்தைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். பந்தலுக்கு இனி வர மாட்டேன் என்று தனம் சொல்லிவிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை.

மணியம்மாள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். இனியாவும் சாகிலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் அவளை அழைத்துப் போனார்கள். கவியா வரவில்லை, அவளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்றாள் மணியம்மாள். தனம் வாசலில் நின்றிருந்தாள். மணியம்மாள் படியேறி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பாயை விரித்து நால்வரும் உட்கார்ந்தார்கள். தனம் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை மணியம்மாள் காத்திருந்தாள்.

"அத்தினி நேரம் என்ன பண்ணிட்டிருந்தாரும்மா?" என்று கேட்டாள்.

தனம் சொன்னாள். பந்தலுக்கு மேலே சீரியல் பல்பு மாட்டியிருந்த ஒயர் ஓரிடத்தில் பிரிந்து தொங்கியதாம். அவர் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மழை பெய்தால் ஷாக் அடிக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க என்று நாலைந்து தடவை சொன்னாராம். கடைசியில் அவர் சொல்லச் சொல்ல ஒரு தன்னார்வலர் மெயினை அணைத்துவிட்டு அதைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் நிம்மதியானாராம்.

"கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்தாரு. முப்பது வருஷம்" என்றாள் மணியம்மாள்.

மதியம் புளியோதரைப் பொட்டலம் கொடுத்ததாகத் தனம் சொன்னாள். சரிபாதி சாப்பிட்டுவிட்டு மீதியை அப்படியே இலையோடு மடித்து மடியில் வைத்துக்கொண்டாராம். சாப்பிடுங்க, இன்னும் நெறைய இருக்குது என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாராம்.

"மணி வருவா, அவளுக்குப் பசிக்கும்னாரு."

மணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மணின்னா சொன்னாரு?"

"ஆமாம்மா. மணின்னுதான் சொன்னாரு. அப்ப யாருன்னு எனக்குத் தெரியலை. யாரோ பேத்தின்னு நெனச்சேன்."

"ஆறு மாசமா என்னை யாருன்னே அவருக்குத் தெரியலைம்மா. நர்ஸம்மான்னு கூப்புடுவாரு. சமயத்துல அவங்க அக்கான்னு நெனச்சுப்பாரு. எம் பேரு அவரு வாயில வந்து ஆறு மாசமாச்சு."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. தனம் நகர்ந்து வந்து அவள் முதுகில் கை வைத்தாள். இனியாவால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. சாகில் காலி டம்ளர்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். செங்கம் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

வெகுநேரம் கழித்து மணியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள். "வந்து ஒக்காந்ததுலேருந்து சொல்லு."

தனம் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.